வாசல் மண்: செடி வைக்கும் உரிமை பற்றிச் சில குறிப்புகள்

நிலம் என்றாலே நாம் ஏக்கர் கணக்கில்தான் பேசுகிறோம். பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்கிறோம். பண்ணை நிலம் என்கிறோம், உச்சவரம்பு என்கிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் ஏக்கர் கணக்கில் வராத, சென்ட்டுக் கணக்கிலும் வராத ஒரு நிலம் இருக்கிறது. அது வீட்டு வாசலில் கிடக்கிற மூணடி மண். அதில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றலாமா கூடாதா என்று தீர்மானித்தவர்கள் யார், எந்த அதிகாரத்தில் தீர்மானித்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால், சாதியின் வரலாறு முழுவதும் அந்த மூணடிக்குள் வந்து நிற்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்கிறேன்.

1

நான் வளர்ந்தது கோடம்பாக்கம். சினிமாக்காரர்களின் கோடம்பாக்கம் இல்லை, அந்த சினிமாவுக்கு செட்டுப் போடப் போனவர்களின் கோடம்பாக்கம். ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆற்காட்டு நவாபின் குதிரைகள் இங்கே மேய்ந்தன, 'கோடா பாக்' என்றால் குதிரைத் தோட்டம், அதுதான் கோடம்பாக்கம் ஆனது என்று. பாக்கம் என்பது நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், புரசைவாக்கம் என்று இந்தப் பக்கமெல்லாம் கிடக்கிற பழைய ஊர்ப்பெயர் விகுதி. ஆகவே கதை பின்னால் ஒட்டவைத்ததாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். குதிரைக்குத் தோட்டம் இருந்தது என்று ஊரே ஒத்துக்கொள்கிறது. குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவனுக்கு என்ன இருந்தது என்று அந்தக் கதை சொல்வதில்லை.

சென்னையில் 'தோட்டம்' என்கிற சொல்லுக்கே ரெண்டு பொருள். நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, அடையாறு பக்கம் வெள்ளைக்காரர்கள் கட்டிய தோட்ட வீடுகள் ஒன்று. நடுவில் பங்களா, சுற்றி ஏக்கர் கணக்கில் மரம், சுற்றுச்சுவர், கேட்டில் காவல். இன்னொன்று, நகரத்துச் சேரிகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிற தோட்டம். இன்னார் தோட்டம், அன்னார் தோட்டம் என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் செடி வைக்க ஒரு சாண் இடம் இருக்காது. யாரோ ஒருவருடைய தோட்டத்தில் ஒண்டவந்தவர்கள் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1923-க்குப் பிறகு மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரியை வற்றவைத்து, நீதிக்கட்சி ஆட்சியில் தியாகராய நகர் உருவானது. கிரவுண்டு கிரவுண்டாக மனை பிரித்தார்கள். ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. வீட்டுக்கு முன்னால் இத்தனை அடி காலியாக விடவேண்டும் என்பது நகரமைப்பு விதி. அதாவது பட்டா வைத்திருப்பவனுக்கு வாசல் மண் சட்டப்படியே கட்டாயம். அந்தக் காலி இடத்தில்தான் பவழமல்லியும் மாமரமும் வந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் பிறகு தங்கள் இளமைக் காலத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்தப் பவழமல்லி உதிர்கிறது. உதிரட்டும். அதைக் கூட்டிப் பெருக்கியவர்களின் வாசலில் என்ன உதிர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

2

கோடம்பாக்கம் மாநகராட்சியோடு சேர்ந்தது 1946-ல். அதுவரை செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. ஆகவே செங்கல்பட்டுச் சேரிகளின் கதைதான் எங்கள் கதையும்.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது அந்த அறிக்கையை நாம் எல்லோரும் சொல்கிறோம். அதன் பேரில்தான் 1892-ல் தரிசு நிலங்களை ஒதுக்கும் ஆணை வந்தது. ஆனால் அந்த அறிக்கையில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. அது வயலைப் பற்றியது இல்லை, குடிசை நிற்கிற மனையைப் பற்றியது. மிராசு கிராமங்களில் சேரி இருக்கிற இடமே தங்களுடையது என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னால், வேறு மதத்துக்குப் போனால், மனு போட்டால், 'எடத்தக் காலி பண்ணு' என்று ஒரு வார்த்தை போதும். தரிசை ஒருவன் கேட்டு விண்ணப்பித்தால்கூட, முதல் உரிமை எனக்கு என்று மிராசுதார் தடுக்க முடிந்தது. கூலி, அடி, கடன் இவற்றோடு சேர்ந்து மனையும் ஒரு விலங்காக இருந்தது.

மனை சொந்தமில்லை என்றால் வாசலும் சொந்தமில்லை. வாசல் சொந்தமில்லை என்றால் என்ன நடக்கும் என்று எங்க ஆயா சொல்லும். அது பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியில். "சொரக்கா வெய்யி, பூசணி வெய்யி, ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க. ஆறு மாசத்துல அதுவே காஞ்சி பூடும். புளியங்கன்னு வெச்சிப் பாரு. ராத்திரியோட ராத்திரியா புடுங்கிப் போட்டுடுவாங்க. மரம் வெச்சா மண்ணு கேப்பாங்கோன்னு பயம்டா அவங்களுக்கு."

ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அது சொன்னது வருவாய்த்துறைச் சட்டம். நம் கிராமக் கணக்கில் 2சி பட்டா என்று ஒன்று உண்டு. புறம்போக்கு நிலத்தில் நிற்கிற மரத்தின் பலனை ஒருவர் அனுபவிப்பதற்கான பட்டா அது. நிலம் அரசாங்கத்துடையது, புளி உன்னுடையது என்று அர்த்தம். அதாவது மரம் என்பது வெறும் மரம் இல்லை. அது அனுபவத்துக்குச் சாட்சி. பத்து வருசம் நின்ற மரம், பத்து வருசம் ஒருவன் அங்கே இருந்தான் என்று பேசும். கொடி பேசாது. அதனால்தான் கொடிக்கு அனுமதி, மரத்துக்குத் தடை. சேரிகளில் ஏன் கீரையும் பூசணியும் அதிகம், ஏன் மாவும் பலாவும் குறைவு என்பதற்கு மண்வளத்தைக் காரணம் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

3

தடை எப்போதும் இப்படி மறைவாகவே இருந்ததில்லை. பட்டியல் போட்டும் வந்திருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் அங்கிருந்த கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைமை அதிகாரியாக இருந்த ஹட்டன், 1946-ல் வெளியான தன் நூலில் அந்தப் பட்டியலைத் தந்திருக்கிறார். தங்கம் வெள்ளி கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது. ஆண்களுக்குக் குடை, செருப்பு கூடாது. இந்த வரிசையில் இன்னொன்றும் இருக்கிறது: பெண்கள் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின.

பூ ஏன் பட்டியலில் வந்தது? பூவுக்கு என்ன விலை? தங்கத்தைத் தடுப்பதில் ஒரு பொருளாதாரம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வாசலில் தானாகப் பூக்கிற கனகாம்பரத்தைத் தடுப்பதில் என்ன பொருளாதாரம்? அங்கேதான் விசயம். வயிற்றுக்கு இல்லாததை, வேலைக்கு உதவாததை, தன் சந்தோசத்துக்கென்று ஒரு பறைச்சி வளர்ப்பதும் வைத்துக்கொள்வதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. உழைப்புக்குப் போக மீதி ஒரு வாழ்க்கை இவளுக்கு இருக்கிறது என்று பூ சொல்கிறது. அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடுத்து 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக நீண்டது. இந்தத் தடவை நேராக மண்ணுக்கே வந்தார்கள். ஆதிதிராவிடர்கள் தங்கள் சொந்த நிலங்களை மிராசுதார்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. மழைத் தண்ணியிலேயே எதாவது விளைந்துவிட்டால்? அதற்கும் விதி இருந்தது. விளைந்ததை அறுவடை நேரத்தில் கொள்ளையடிக்க வேண்டும். வானம் கொடுத்த தண்ணீரையும் விட்டுவைக்கக் கூடாது என்று எழுதினார்கள். தடைப்பட்டியலைக் கேவலம், காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. ரொம்பக் கவனமாக யோசித்துப் போட்ட விதிகள் அவை. உடம்பில் தொடங்கி வாசல் வழியாக வயலில் போய் முடிகிற விதிகள்.

4

இனி 1971-க்கு வருவோம். அந்த ஒரே வருசத்தில் தமிழ்நாட்டில் ரெண்டு சட்டங்கள் வந்தன. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

ஒன்று, குடியிருப்பு மனை உரிமைச் சட்டம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய பிறகு வந்த சட்டம். தஞ்சையில் பண்ணையாளின் குடிசை பண்ணையாரின் மண்ணில் நின்றது. கூலி கேட்டால் குடிசை போகும். 1961-லேயே குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கச் சட்டம் வந்திருந்தது என்றாலும், மனை அவனுக்கே சொந்தம் என்று சொன்னது 1971-ன் சட்டம்தான். அதில் எனக்கு முக்கியமாகப்படுவது 'குடியிருப்பு' என்பதற்கு அது சொன்ன விளக்கம். குடிசை நிற்கிற இடம் மட்டும் இல்லை, அந்தக் குடிசையில் வசதியாகப் புழங்கத் தேவையான பக்கத்து இடமும் சேர்ந்ததுதான் குடியிருப்பு என்று அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அடுப்பு மூட்ட, ஆடு கட்ட, அவரைப்பந்தல் போட. கூரைக்கு வெளியேயும் வாழ்க்கை இருக்கிறது என்று அரசாங்கம் சட்டத்தில் எழுதியது. அது எத்தனை பேருக்கு ஒழுங்காகக் கிடைத்தது என்பது வேறு சண்டை. எழுதியது பெரிய விசயம்.

இன்னொன்று, குடிசைப் பகுதிகள் சட்டம். 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கியிருந்தது. (2021-ல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள்.) கிராமத்துக் குடிசைக்காரனுக்கு மனை என்ற அதே வருசத்தில், நகரத்துக் குடிசைக்காரனுக்கு மாடி என்றார்கள். தீ பிடிக்காத கூரை, மழையில் ஒழுகாத சுவர். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட மாட்டேன். வருசா வருசம் தீயில் வெந்த சேரிகளிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கான்கிரீட்டின் அருமை தெரியும். ஆனால் கிராமத்துச் சட்டம் ஒத்துக்கொண்ட 'பக்கத்து இடம்' நகரத்தில் எங்கே போனது? மாடிக்கு ஏது வாசல்? கதவைத் திறந்தால் பொது நடை. நடைக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் கதவு. கீழ் வீட்டுக்காரருக்கு மட்டும் முன்னால் கொஞ்சம் மண் மிஞ்சியது. அதுவும் அவருடையது இல்லை.

5

ஆனாலும் வைத்தார்கள். இதுதான் எழுத வேண்டிய வரலாறு.

எங்கள் அடுக்குக் குடியிருப்பில் கீழ் வீட்டுக்காரர்கள் வாசலில் செங்கல்லை முக்கோணமாக நட்டு வேலி போட்டார்கள். உள்ளே கறிவேப்பிலை, கற்பூரவல்லி, தூதுவளை, ஒரு பப்பாளி. மாடி வீட்டுக்காரர்களுக்குப் பெயிண்ட் டப்பா, உடைந்த பிளாஸ்டிக் குடம், மீன் மார்க்கெட்டிலிருந்து வந்த தெர்மாகோல் பெட்டி. ஸ்டுடியோவுக்கு செட் வேலைக்குப் போனவர்கள் பலர் இருந்தார்கள். பகலெல்லாம் காகிதப் பூவும் சாயம் பூசின புல்லும் வைத்துக் கதாநாயகி ஓடியாடத் தோட்டம் போடுவார்கள். ஷூட்டிங் முடிந்தால் பிரித்துப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து டப்பாவில் நிற்கிற டிசம்பர் பூவுக்குத் தண்ணி ஊற்றுவார்கள். தண்ணி என்றால் குழாய்த் தண்ணி இல்லை. லாரித் தண்ணிக்குக் குடத்தோடு அடித்துக்கொள்கிற ஊரில் செடிக்கு ஏது குழாய்த் தண்ணி? அரிசி கழுவின தண்ணி, துணி அலசின கடைசித் தண்ணி.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு கணக்கு இருந்தது. கற்பூரவல்லி பிள்ளைக்குச் சளி பிடித்தால். பப்பாளி இலை காய்ச்சல் காலத்தில். முருங்கைக்கீரை பிள்ளைத்தாய்ச்சிக்கு. கறிவேப்பிலை நாலு வீட்டுக்கும் பொது, ஆனால் பறிக்கும்போது "அக்கா, ரெண்டு ஈக்கு ஒடிச்சிக்கறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காமல் பறித்தால் அன்றைக்குச் சண்டை. விதி எங்களிடமும் இருந்தது. அது எடுக்கிறவர்களும் கொடுக்கிறவர்களும் சேர்ந்து போட்ட விதி.

அப்புறம் ஒரு நாள் ஆபீசிலிருந்து வருவார்கள். எந்த ஆபீஸ் என்பது இங்கே முக்கியமில்லை, பலதும் வந்திருக்கின்றன. "இதெல்லாம் எடுங்க, ஆக்கிரமிப்பு." கொசு உற்பத்தியாகிறது என்பார்கள். சுவர் ஈரம் வாங்கும் என்பார்கள். வழி அடைக்கிறது என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இல்லாமல் இல்லை. டப்பாவில் தண்ணி தேங்கினால் கொசு வரத்தான் செய்யும், தண்ணியைக் கவிழ்த்துவிடு என்றால் போதும். செடியையே தூக்கு என்பார்கள். கீழ் வீட்டு ராணியக்கா ஒரு தடவை அவர்களிடம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. (பெயர் மாற்றியிருக்கிறேன்.) "சார், தோ அந்தத் தெரு பங்களா வாசல்ல பிளாட்பாரத்து மேலயே கம்பி வேலி போட்டு ரோஜா வெச்சிகிறாங்களே, அது இன்னா சார்?"

அதற்குப் பதில் வரவில்லை. பதில் எனக்குத் தெரியும். அதற்குப் பெயர் பசுமை. நம் வசதியான தெருக்களில் நடந்து பாருங்கள். நடைபாதையில் பாதியை வேலி கட்டி எடுத்துக்கொண்டு, குரோட்டன்ஸ் வைத்து, நடக்கிறவனைத் தார் ரோட்டுக்கு இறக்கிவிட்டிருப்பார்கள். செய்கை ஒன்றுதான். மண் ரெண்டு இடத்திலும் சர்க்கார் மண். ஒரு தெருவில் அது அழகுணர்ச்சி, இன்னொரு தெருவில் ஆக்கிரமிப்பு. 1905-லிருந்து நம்மிடம் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் எழுத்தில் சாதி இல்லை. நோட்டீசை எடுத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைவது என்று முடிவு செய்கிற காலில் இருக்கிறது.

2013-ல் அரசாங்கம் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டம் கொண்டுவந்தது. பை, தென்னைநார்க் கழிவு, விதை எல்லாம் ஒரு பெட்டியில், மானிய விலையில். நல்ல திட்டம். மொட்டை மாடி வைத்திருப்பவர்களுக்கு நல்ல திட்டம். டப்பாவில் செடி வளர்க்கும் வித்தை, கழிவுத்தண்ணியில் காய் பறிக்கும் வித்தை நாற்பது வருசமாகத் தெரிந்தவர்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை. அவர்களுடைய டப்பாவை எடு என்றவர்களும், பை வாங்கிக்கோ என்றவர்களும் ஒரே அரசாங்கத்தின் ரெண்டு கை.

6

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் மயாமி ஷோர்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே ஹெர்மீன் ரிக்கெட்ஸ் என்கிற கறுப்பினப் பெண், ஜமைக்காவில் பிறந்தவர், கட்டடக் கலைஞர், தன் கணவரோடு சேர்ந்து 17 வருசம் வீட்டு முன்வாசலில் காய்கறி பயிரிட்டார். 2013-ல் ஊர் நிர்வாகம் முன்வாசலில் காய்கறி கூடாது என்று விதி போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50 டாலர் தண்டம். பூ வைக்கலாம், பழமரம் வைக்கலாம், பொம்மை வைக்கலாம், கீரை வைக்கக் கூடாது. அவர்கள் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு வழக்குப் போட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். கடைசியில் 2019-ல் மாகாணமே சட்டம் போட்டது: வீட்டுத் தோட்டத்தில் காய்கறி வைப்பதை எந்த ஊர் நிர்வாகமும் தடுக்கக் கூடாது என்று. அந்த ஜூலையில் அவர்கள் திரும்ப நட்டார்கள். அதே வருசம் ரிக்கெட்ஸ் இறந்துபோனார்.

அதை நிறவெறி வழக்காக அவர்கள் நடத்தவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஜமைக்கா என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. அங்கே கரும்புத் தோட்ட அடிமைகள், முதலாளிக்குக் கரும்பு விளையாத மேட்டு நிலத்தில் தங்களுக்கென்று கிழங்கும் காயும் பயிரிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மிச்சத்தை விற்றார்கள். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாதவர்கள் ஒரு துண்டு மண்ணில் தங்களுக்கென்று விளைவித்தார்கள். பூசணிக்கு விட்டு புளியைத் தடுத்த மிராசுதாரும், மேட்டு நிலத்தை மட்டும் விட்டுவைத்த கரும்பு முதலாளியும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். மயாமியிலோ முன்வாசல் பார்வைக்கு இருக்க வேண்டும், வயிற்றுக்கு இருக்கக் கூடாது என்றார்கள். ராமநாதபுரத்தில் பூ கூடாது, அமெரிக்காவில் கீரை கூடாது. விதி போடுகிறவனுக்கு எது இடைஞ்சலோ அது கூடாது.

7

இப்போது வாசல் இன்னும் சுருங்குகிறது. நகரத்துக்குள் ஆற்றோரம், கால்வாயோரம் இருந்தவர்களை 2000-க்குப் பிறகு கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள். கண்ணகி நகரின் முதல் வீடுகள் 195 சதுர அடி. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு. அங்கே போனாலும் மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியில் ஒரு பாட்டில் தொங்குகிறது, அதில் மணிபிளாண்ட். ஐந்தாம் மாடி நடையில் ஒரு டப்பா துளசி. நகரத்துக்குள் மிஞ்சியிருக்கிற பழைய அடுக்குக் குடியிருப்புகளையும் இடித்து உயர்த்திக் கட்டுகிறார்கள். உயரம் கூடக் கூடக் கீழே இருந்த அந்தச் செங்கல் வேலிக்குள் கார் நிறுத்தும் கோடு போடுகிறார்கள்.

ஆகவே இளைஞர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில், 1894-ன் பழைய சட்டத்திலும் சரி, 2013-ன் புதிய சட்டத்திலும் சரி, மரத்துக்கு நட்ட ஈடு உண்டு. பட்டாக்காரனின் தென்னைக்கு ஆள் வந்து எண்ணி விலை போடுவார்கள். சேரியை அப்புறப்படுத்தும்போது முருங்கையை யாரும் எண்ணுவதில்லை, புல்டோசர் எண்ணுகிறது. நாம் எண்ண வேண்டும். ஒரு குடியிருப்பில் கணக்கெடுக்கப் போனால் ரேஷன் கார்டு நம்பர், ஆதார் நம்பர் எழுதுகிறோம். அதோடு வாசலில் என்ன நிற்கிறது, எத்தனை வருசமாக நிற்கிறது, யார் வைத்தது என்றும் ஒரு பத்தி போடுங்கள். போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். 1994 அக்டோபர் 10-ல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவர்கள் கேட்டது ஆவணத்தில் இருந்த நிலத்தை. ஆவணத்தில் இருந்ததற்கே அந்தக் கதி என்றால், ஆவணத்திலேயே ஏறாத மூணடிக்கு யார் வந்து பேசுவார்கள்?

மறுகட்டுமானம் என்று வரைபடத்தோடு வருகிறவர்களிடம் சதுர அடி மட்டும் கேட்காதீர்கள். மண் எங்கே என்று கேளுங்கள். 1971-ல் கிராமத்துக்கு ஒத்துக்கொண்ட அந்தப் 'பக்கத்து இடம்' நகரத்துக்கும் வேண்டும் என்று கேளுங்கள். கீழே பொது மண், அதில் குடியிருப்பவர்கள் சேர்ந்து மரம் வைக்கிற உரிமை, அந்த உரிமை எழுத்தில். எங்க ஆயா சொன்னதுபோல, மரம் வைத்தால் மண் கேட்பார்கள் என்று அவர்கள் பயப்பட்டது சரிதான். கேட்கத்தான் வேண்டும்.